தன்பாலினப் பெற்றோரிடம் வளரும் பிள்ளைகளும் திருமணச் சட்டங்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தன்பாலினத் திருமணம் பற்றிய விவாதம் பெரும்பாலும் பெரியவர்களின் உரிமையோடு நின்றுவிடுகிறது. திருமணத்தை அங்கீகரிக்கலாமா கூடாதா என்று நாடாளுமன்றங்களும் நீதிமன்றங்களும் ஆண்டுக்கணக்கில் வாதிட்டுக்கொண்டிருக்கும்போதே, அந்த வீடுகளில் பிள்ளைகள் பிறக்கிறார்கள், பள்ளிக்குப் போகிறார்கள், காய்ச்சலில் படுக்கிறார்கள், வளர்ந்து ஆளாகிறார்கள். அவர்கள் பக்கத்திலிருந்து எழும் கேள்விகளுக்குத்தான் இங்கே விடை சொல்ல முயன்றிருக்கிறேன். சட்டம் நாட்டுக்கு நாடு மாறுவதால், ஒவ்வொரு விடையிலும் அது எந்த நாட்டைப் பற்றியது என்பதையும் சொல்லியிருக்கிறேன்.

திருமணம் என்பது இரண்டு பெரியவர்களுக்கு இடையிலான உறவு. அது பற்றிய சட்டம் குழந்தையை எப்படிப் பாதிக்கும்?

ஒரு குழந்தையின் பெற்றோர் யார் என்பதைப் பெரும்பாலான நாடுகளின் சட்டங்கள் திருமணத்தை வைத்தே முடிவு செய்கின்றன. மணமான பெண் குழந்தை பெற்றால் அவளுடைய கணவரே தந்தை என்று சட்டம் தானாகவே எடுத்துக்கொள்கிறது. யாரும் மரபணுப் பரிசோதனை கேட்பதில்லை. நீதிமன்றப் படியேறச் சொல்வதுமில்லை. தானமாகப் பெற்ற விந்தணுவால் அந்தப் பெண் கருத்தரித்திருந்தாலும்கூட, கணவர் அதற்குச் சம்மதித்திருந்தால் அவரே தந்தை என்று பல நாடுகள் ஏற்கின்றன. இரத்த உறவே பெற்றோரைத் தீர்மானிக்கிறது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும் இடத்தில் உண்மையில் வேலை செய்வது திருமணப் பதிவுதான். தம்பதியாகச் சேர்ந்து தத்தெடுப்பதும், துணைவரின் பிள்ளையைத் தன் பிள்ளையாகத் தத்தெடுப்பதும் பல நாடுகளில் மணமானவர்களுக்கே வாய்க்கும்.

பெற்றோர் என்ற சட்ட நிலை கிடைத்த பிறகுதான் மற்றவை எல்லாம் வருகின்றன. அறுவை சிகிச்சைக்குச் சம்மதம் தருவது, கடவுச்சீட்டுக்குக் கையெழுத்திடுவது, தன் குடியுரிமையைப் பிள்ளைக்குத் தருவது, பராமரிப்புத் தொகைக்குப் பொறுப்பேற்பது, உயில் இல்லாதபோதும் சொத்தில் பங்கு தருவது, பெற்றோர் இறந்தால் பிள்ளைக்குச் சேரவேண்டிய ஓய்வூதியம் ஆகிய அனைத்தும் அந்த ஒரு நிலையைப் பற்றியே நிற்கின்றன. திருமணத்தின் கதவை ஒரு தம்பதிக்கு மூடினால், அந்த வீட்டுப் பிள்ளைக்கு இவை பாதியாகக் குறைந்துவிடுகின்றன. பெரியவர்கள் இழப்பது தங்கள் உறவுக்கான அங்கீகாரத்தை; பிள்ளை இழப்பதோ தாயையோ தந்தையையோ, சட்டத்தின் கண்ணில்.

இருவரில் ஒருவர் மட்டும் சட்டபூர்வப் பெற்றோராக இருந்தால் அன்றாட வாழ்க்கையில் உண்மையிலேயே சிக்கல் வருமா?

பெரும்பாலான நாட்களில் வராது என்பதுதான் இதிலுள்ள ஆபத்து. இருவரும் உடல்நலத்தோடு, ஒரே கூரையின் கீழ், ஒற்றுமையாக இருக்கும்வரை இந்தக் குறை கண்ணில் படுவதேயில்லை. விபத்து, மரணம், பிரிவு, பயணம் என்ற நான்கில் ஏதாவது ஒன்று குறுக்கிடும்போதுதான் அது வெளியே வருகிறது. அப்போது சரிசெய்யக் காலம் கடந்திருக்கும்.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தைச் சேர்ந்த ஏப்ரல் டிபோயர், ஜேன் ரவுஸ் என்ற இரண்டு செவிலியர்களின் வழக்கு இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. பிறந்தவுடன் கைவிடப்பட்ட பிள்ளைகளையும் சிறப்புக் கவனிப்பு தேவைப்பட்ட பிள்ளைகளையும் அவர்கள் எடுத்து வளர்த்தார்கள். மணமான ஆண்-பெண் தம்பதியோ தனிநபரோதான் தத்தெடுக்கலாம் என்று மிச்சிகன் சட்டம் கூறியதால், பிள்ளைகளில் சிலரை ஒருவரும் மற்றவர்களை இன்னொருவரும் தனித்தனியாகத் தத்தெடுக்க வேண்டியிருந்தது. ஒரே மேசையில் அமர்ந்து சாப்பிடும் பிள்ளைகள் சட்டத்தின்படி இரண்டு வெவ்வேறு வீட்டுப் பிள்ளைகள். ஒரு தாய் இறந்தால், அவர் பெயரில் இருந்த பிள்ளைகள் மீது மற்றவருக்கு எந்த உரிமையும் கிடையாது. முதலில் அவர்கள் கேட்டது சேர்ந்து தத்தெடுக்கும் உரிமையைத்தான், திருமணத்தை அல்ல. வழக்கை விசாரித்த நீதிபதிதான் சிக்கலின் வேர் திருமணத் தடையில் இருப்பதைச் சுட்டிக்காட்டினார். அந்த வழக்கும் சேர்ந்து விசாரிக்கப்பட்ட ஓபர்கெஃபெல் வழக்கில்தான் 2015 ஜூன் 26 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் நாடு முழுவதும் தன்பாலினத் திருமணத்தை உறுதிசெய்தது. அவசரம் ஏதாவது நேர்ந்தால் பள்ளியும் மருத்துவமனையும் அந்தப் பிள்ளைகளுக்கு ஒரே ஒரு பெற்றோர்தான் இருப்பதாக நடத்தக்கூடும் என்று தீர்ப்பே குறிப்பிட்டது.

சட்டபூர்வப் பெற்றோராக இருந்தவர் இறந்துவிட்டால் பிள்ளை யாரிடம் போகும்?

மற்றவர் சட்டத்தின் பார்வையில் அந்நியராக இருந்தால், பிள்ளையை வளர்க்கும் உரிமையை இறந்தவரின் பெற்றோரோ உடன்பிறந்தவர்களோ கோரலாம். அவர்கள் நல்லவர்களாக இருந்தால் ஒரு வழி பிறக்கும். மகளின் உறவை ஏற்காமல் பல ஆண்டுகள் பேசாமல் இருந்தவர்களாக இருந்தால், தாயை இழந்த அதே வாரத்தில் பிள்ளை தன் இன்னொரு தாயையும் வீட்டையும் பள்ளியையும் சேர்த்தே இழக்க நேரிடலாம். பிள்ளையின் நலனைப் பார்த்து நீதிமன்றம் வேறு முடிவு எடுக்கலாம்தான். ஆனால் இரு பெற்றோரையும் சட்டம் ஏற்றிருந்தால் அந்த வழக்கே எழுந்திராது.

இதன் மறுபக்கமும் உண்டு. சட்டபூர்வ உறவு இல்லாதவர் உயில் எழுதாமல் இறந்தால், அவருடைய சொத்தில் பிள்ளைக்குப் பங்கு இல்லை. அவருடைய வேலையின் வழியாகக் குடும்பத்துக்கு வரவேண்டிய பலன்களிலும் பிள்ளையின் பெயர் இருக்காது.

அப்படியானால் தன்பாலினத் திருமணத்தை அனுமதித்துவிட்டால் எல்லாம் தானாகச் சரியாகிவிடுமா?

ஆகாது. திருமணச் சட்டத்தைத் திருத்திய பல நாடுகள் பெற்றோர் நிலை பற்றிய சட்டத்தைத் தொடாமல் விட்டுவிட்டன. அதன் விளைவைப் பிள்ளைகள் இன்றும் சுமக்கிறார்கள்.

உலகில் முதன்முதலாக, 2001 ஏப்ரல் 1 முதல், தன்பாலினத் திருமணத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்த நெதர்லாந்திலேயே, பிள்ளை பெற்ற தாயின் மனைவி தத்தெடுப்பு இல்லாமல் தாயாக ஏற்கப்படுவதற்கு 2014 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. போர்ச்சுகல் 2010இல் திருமணத்தை அனுமதித்தபோது தத்தெடுப்பை வேண்டுமென்றே விலக்கியது. அந்தத் தடை நீங்க மேலும் ஐந்தாறு ஆண்டுகள் ஆயின. தைவான் 2019 மே மாதம் திருமணத்தை அனுமதித்தது. ஆனால் துணைவர் பெற்ற பிள்ளையை மட்டுமே மற்றவர் தத்தெடுக்கலாம் என்றது. துணைவர் ஏற்கெனவே தனியாகத் தத்தெடுத்திருந்த பிள்ளைக்கு அந்த வழியும் இல்லை. 2023 மே மாதத் திருத்தத்தில்தான் இருவரும் சேர்ந்து தத்தெடுப்பது சாத்தியமானது.

ஜெர்மனியின் நிலை இன்னும் விசித்திரமானது. அங்கே 2017 அக்டோபர் முதல் தன்பாலினத் திருமணம் செல்லும். ஆனால் பிள்ளை பிறக்கும்போது தாயை மணந்திருக்கும் ஆணே தந்தை என்று சிவில் சட்டத்தின் 1592ஆம் பிரிவு சொல்கிறது. அது மனைவிக்குப் பொருந்தாது என்று 2018இல் அந்நாட்டின் உச்ச சிவில் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே இரண்டு பெண்கள் முறைப்படி மணந்து, சேர்ந்து திட்டமிட்டுப் பிள்ளை பெற்றாலும், பெறாத தாய் அந்தப் பிள்ளையைத் தத்தெடுக்க விண்ணப்பிக்க வேண்டும். அக்கம்பக்கத்தில் ஓர் ஆணும் பெண்ணும் அதே மருத்துவமனையில், அதே வகைத் தானத்தால் பிள்ளை பெற்றால், அந்த ஆண் எந்தப் படிவமும் நிரப்பாமல் தந்தையாகிவிடுகிறார்.

அமெரிக்காவிலும் ஓபர்கெஃபெல் தீர்ப்புக்குப் பிறகு ஆர்கன்சா மாநிலம் பிறப்புச் சான்றிதழில் தாயின் மனைவியின் பெயரைச் சேர்க்க மறுத்தது. கணவராக இருந்தால், அவர் விந்தணு தந்தவர் அல்ல என்று தெரிந்தாலும், அவர் பெயரைச் சேர்க்கும் மாநிலம் அது. கணவருக்குத் தருவதை மனைவிக்கு மறுக்க முடியாது என்று 2017இல் உச்ச நீதிமன்றம் மீண்டும் சொல்ல வேண்டியிருந்தது.

பிறப்புச் சான்றிதழில் இருவர் பெயரும் இருந்தால் போதாதா? சொந்தப் பிள்ளையையே தத்தெடுக்கச் சொல்வது அவமானமாக இல்லையா?

அவமானம்தான். பிரசவ அறையில் தொப்புள்கொடியை வெட்டிய தாயின் வீட்டுக்குச் சமூகப் பணியாளர் வந்து, அவருடைய வருமானத்தையும் குணத்தையும் சோதித்து, அவர் அந்தப் பிள்ளைக்குத் தகுதியானவரா என்று அறிக்கை எழுதுவதை யாரால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியும்? ஆனாலும் வழக்கறிஞர்கள் பலர் தத்தெடுப்பையோ நீதிமன்ற ஆணையையோ வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. பிறப்புச் சான்றிதழ் என்பது அரசு அலுவலகம் செய்த பதிவு; வேறோர் இடத்தில் அதை எதிர்த்து வாதாடலாம். நீதிமன்ற ஆணையை அவ்வளவு எளிதாகத் தள்ளிவிட முடியாது. அமெரிக்காவில் ஜார்ஜியா மாநில நீதிமன்றம் ஒரு தாய்க்கு வழங்கிய தத்தெடுப்பு ஆணையை, அந்தத் தம்பதி பிரிந்த பிறகு, அலபாமா உச்ச நீதிமன்றம் ஏற்க மறுத்தது. ஒரு மாநிலத்தின் ஆணையை மற்றொரு மாநிலம் மதித்தே ஆக வேண்டும் என்று 2016 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்த மறுப்பை ரத்துசெய்தது. அந்த மூன்று பிள்ளைகளைத் தாயோடு இணைத்துக் காத்தது தத்தெடுப்பு ஆணைதான்.

இதைவிடக் கண்ணியமான வழிகளும் உண்டு. பிரான்சில் 2021 ஆகஸ்ட் மாதச் சட்டப்படி, கருத்தரிப்புச் சிகிச்சைக்கு முன்பே இரு பெண்களும் நோட்டரி முன் சேர்ந்து கையெழுத்திட்டால், பிறக்கும் பிள்ளைக்கு இருவரும் தாய்மாரே. இதற்கு அவர்கள் மணந்திருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

திருமணம் வேண்டாம், பதிவுசெய்த இணைவு (திருமணம் என்று அழைக்காமல் உறவை அரசு பதிவுசெய்து ஏற்கும் ஏற்பாடு) மட்டும் தருகிறோம் என்று சில நாடுகள் சொல்கின்றன. பிள்ளைகளுக்கு அது போதுமா?

அந்த இணைவுச் சட்டத்துக்குள் பிள்ளைகளுக்கு இடம் கொடுத்திருக்கிறார்களா என்பதைப் பொறுத்தது. இத்தாலி 2016இல் இணைவுச் சட்டத்தை இயற்றியபோது, துணைவரின் பிள்ளையைத் தத்தெடுக்கலாம் என்ற பிரிவை, வாக்குகள் போதாது என்பதற்காக நீக்கிவிட்டுத்தான் நிறைவேற்றியது. பெரியவர்களுக்குக் கிடைத்ததற்கு விலையாகப் பிள்ளைகளை விட்டுக்கொடுத்தார்கள். சில நகர மேயர்கள் தாங்களாகவே இரண்டு தாய்மாரின் பெயரையும் பிறப்புப் பதிவில் சேர்த்தார்கள். 2023இல் பதுவா நகரத்தில் அரசு வழக்கறிஞர் அந்தப் பதிவுகளை எதிர்த்து வழக்குத் தொடுத்தார். பள்ளியில் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகளின் சான்றிதழிலிருந்து ஒரு தாயின் பெயரை அடிக்க வேண்டும் என்பதே கோரிக்கை. வெளிநாட்டில் முறைப்படி சிகிச்சை பெற்று இத்தாலியில் பிறக்கும் பிள்ளைக்கு, சம்மதித்த இரண்டாவது தாயை ஏற்க மறுப்பது அரசியலமைப்புக்கு முரணானது என்று 2025 மே மாதம் இத்தாலிய அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு பெரியவர்களின் திருமண உரிமையைப் பற்றியது அல்ல; பிள்ளையின் நலனை வைத்தே எழுதப்பட்டது.

குடும்பம் எல்லை தாண்டினால் என்ன ஆகும்?

இரண்டு பெற்றோரோடு விமானம் ஏறும் பிள்ளை, இறங்கும்போது ஒரே பெற்றோரோடு இறங்கலாம். சட்டத்தைப் பொறுத்தவரை இது மிகையில்லை.

2019இல் ஸ்பெயினில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. தாய்மார் மணமான தம்பதியர். ஒருவர் பல்கேரியர், மற்றவர் ஜிப்ரால்டரில் பிறந்த பிரிட்டிஷ் குடிமகள். ஸ்பெயின் கொடுத்த பிறப்புச் சான்றிதழில் இருவரும் தாய் என்றே இருந்தது. பெற்றோரில் யாரும் ஸ்பானியர் அல்லாததால் பிள்ளைக்கு ஸ்பானியக் குடியுரிமை கிடைக்கவில்லை. அடையாள ஆவணம் பெறுவதற்காகப் பல்கேரியத் தாய் சோபியா நகரத்தின் பஞ்சரேவோ வட்டார அலுவலகத்தில் பிறப்புச் சான்றிதழ் கேட்டார். அங்குள்ள படிவத்தில் ‘தாய்’ என்று ஒரு கட்டம், ‘தந்தை’ என்று ஒரு கட்டம், கட்டத்துக்கு ஒரு பெயர். பிள்ளையைப் பெற்றவர் யார் என்று அலுவலகம் கேட்டது, சொல்லத் தாயார் மறுத்தார், விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. எந்த நாட்டின் கடவுச்சீட்டும் இல்லாமல் அந்தக் குழந்தை ஸ்பெயினை விட்டு நகர முடியாமல் கிடந்தது.

2021 டிசம்பர் 14 அன்று ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம், பிள்ளை பல்கேரியக் குடிமகள் என்றால் அவளுக்கு அடையாள ஆவணம் தரவேண்டும் என்றும், இரு தாய்மாரில் யாரோடும் அவள் ஒன்றியத்துக்குள் பயணம் செய்வதை எல்லா உறுப்பு நாடுகளும் ஏற்க வேண்டும் என்றும் தீர்ப்பளித்தது. ஆனால் தன் உள்நாட்டுச் சட்டத்தில் இருவரையும் தாயாக ஏற்கவோ தன்பாலினத் திருமணத்தை அனுமதிக்கவோ பல்கேரியாவை அது கட்டாயப்படுத்தவில்லை. பயணத்துக்கு இரண்டு தாய், வாரிசுரிமைக்கு ஒரு தாய் என்ற நிலையை எந்தப் பிள்ளைக்கு விளக்கிச் சொல்வது?

இரண்டு தந்தையர் வாடகைத்தாய் மூலம் பெற்ற பிள்ளைகளின் நிலை?

இன்னும் கடினம். வாடகைத்தாய் முறையையே பல நாடுகள் தடைசெய்திருக்கின்றன. இத்தாலி 2024இல் தன் குடிமக்கள் வெளிநாட்டில் அதைச் செய்வதையும் குற்றமாக்கியது. அந்த முறையைப் பற்றி நியாயமான கவலைகள் உண்டு; ஏழைப் பெண்களின் உடல் சுரண்டப்படும் அபாயத்தை நானும் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் பிறந்துவிட்ட பிள்ளை அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை.

இந்த வேறுபாட்டை ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் 2022 நவம்பரில் சுவிட்சர்லாந்தைப் பற்றிய ஒரு தீர்ப்பில் தெளிவாகப் பிரித்துக் காட்டியது. அமெரிக்காவில் வாடகைத்தாய் மூலம் பிறந்த பிள்ளைக்கு, மரபணுத் தொடர்பு இல்லாத தந்தையோடு சட்ட உறவு பெற சுமார் ஏழே முக்கால் ஆண்டுகள் எந்த வழியும் இல்லாமல் இருந்தது. உள்நாட்டுச் சட்டத்தைச் சுற்றிப் போன தந்தையரின் உரிமை மீறப்படவில்லை என்றது நீதிமன்றம். ஆனால் பிள்ளையின் உரிமை மீறப்பட்டது என்றது. பெரியவர்கள் செய்ததை ஏற்பதும் ஏற்காததும் ஒரு கேள்வி, பிள்ளைக்குச் சேரவேண்டியது வேறொரு கேள்வி என்று ஒரே தீர்ப்பில் பிரித்துச் சொன்ன அந்த அணுகுமுறையை மற்ற நாடுகளும் பின்பற்ற வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பெற்றோர் பிரிந்துவிட்டால்?

மணமானவர்கள் பிரியும்போது விவாகரத்துச் சட்டம் பிள்ளைக்காகக் குறுக்கே வந்து நிற்கிறது. யாரோடு வசிப்பது, மற்றவர் எப்போது பார்ப்பது, பராமரிப்புத் தொகை எவ்வளவு என்பதையெல்லாம் நீதிமன்றம் தீர்மானிக்கும். திருமணமே அனுமதிக்கப்படாதவர்கள் பிரியும்போது அப்படி ஒரு மன்றமே கிடையாது. சட்ட உரிமை உள்ளவர் கதவைச் சாத்தினால் அத்தோடு முடிந்தது.

நியூயார்க்கில் நடந்த வழக்கில், இரண்டு பெண்கள் சேர்ந்து திட்டமிட்டு, அவர்களில் ஒருவர் 2009இல் பிள்ளை பெற்றார். அந்த மாநிலத்தில் அப்போது அவர்கள் மணந்துகொள்ள முடியாது. பிரிந்த பிறகும் மற்றவர் பிள்ளையைத் தவறாமல் பார்த்து வந்தார். 2013இல் அதைப் பெற்ற தாய் நிறுத்தினார். இரத்த உறவோ தத்தெடுப்போ இல்லாதவர் பெற்றோர் ஆகமாட்டார் என்ற 1991ஆம் ஆண்டுத் தீர்ப்பு குறுக்கே நின்றது. 2016இல் மாநிலத்தின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தப் பழைய தீர்ப்பைக் கைவிட்டு, கருத்தரிப்புக்கு முன்பே சேர்ந்து வளர்ப்பதாக ஒப்புக்கொண்டிருந்ததை நிரூபித்தால் அவரும் பெற்றோராக வழக்காடலாம் என்றது. நீதி கிடைத்தது உண்மை. அதற்குள் அந்தச் சிறுவனின் வாழ்வில் மூன்று ஆண்டுகள் போயிருந்தன.

பிரிந்தவர் பொறுப்பைத் தட்டிக்கழிக்க விரும்பினாலும் இதே ஓட்டை அவருக்கு உதவும் என்பதை மறந்துவிடக் கூடாது. சட்டம் பெற்றோராக ஏற்காதவரிடம் பராமரிப்புத் தொகையைக் கேட்கவும் முடியாது.

தன்பாலினத் துணையோடு வாழ்கிறார் என்பதற்காகவே, முந்தைய ஆண்-பெண் திருமணத்தில் பிறந்த பிள்ளைகளை ஒருவரிடமிருந்து பிரிக்கலாமா?

கூடாது என்பது இரண்டு சர்வதேச நீதிமன்றங்களின் முடிவு. போர்ச்சுகலில் ஓர் ஆணோடு வாழ்ந்த தந்தையிடமிருந்து மகளைப் பிரித்தது பாகுபாடு என்று ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் 1999 டிசம்பரில் சொன்னது. சிலி நாட்டில் நீதிபதியாகப் பணியாற்றிய கேரன் அட்டாலாவிடமிருந்து, அவர் ஒரு பெண்ணோடு வாழ்கிறார் என்பதைக் காரணம் காட்டி, மூன்று மகள்களையும் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தந்தையிடம் ஒப்படைத்தது. அமெரிக்க நாடுகளுக்கிடையிலான மனித உரிமைகள் நீதிமன்றம் 2012இல் அதைக் கண்டித்தது. பிள்ளையின் நலன் என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, கெடுதல் நடந்ததற்கான சான்று எதுவும் இல்லாமல் தாயின் வாழ்க்கைமுறையையே கெடுதலாகக் கொள்ள முடியாது என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம்.

தாயும் தந்தையும் இருந்தால்தானே பிள்ளை நன்றாக வளரும்? ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

பல பத்தாண்டுகளாக நடந்த ஆய்வுகளைப் பார்த்தபின், தன்பாலினப் பெற்றோரிடம் வளரும் பிள்ளைகள் மற்றப் பிள்ளைகளைப் போலவே நன்றாக வளர்கிறார்கள் என்ற முடிவுக்கு அமெரிக்கக் குழந்தைநல மருத்துவ அகாடமி வந்தது. 2013இல் அது வெளிப்படையாகவே தன்பாலினத் திருமணத்தை ஆதரித்ததற்குச் சொன்ன காரணமும் பிள்ளைகளின் பாதுகாப்புதான். மாறாக, 2012இல் வெளிவந்து பரவலாக மேற்கோள் காட்டப்பட்ட மார்க் ரெக்னரஸ் என்பவரின் ஆய்வு, பெற்றோரில் ஒருவர் எப்போதாவது தன்பாலின உறவில் இருந்த பிள்ளைகளை, அவர்களில் பலர் முறிந்த குடும்பங்களிலிருந்து வந்தவர்கள் என்பதைக் கணக்கில் எடுக்காமல், பிரியாத பெற்றோரின் பிள்ளைகளோடு ஒப்பிட்டது. மேலே சொன்ன மிச்சிகன் வழக்கில் அவர் சாட்சி சொன்னபோது, அது நம்பத்தக்கதே அல்ல என்று நீதிபதி ஒதுக்கிவிட்டார்.

ஆஸ்திரேலியாவில் 500 பிள்ளைகளைப் பற்றி 2014இல் வெளிவந்த மெல்பர்ன் பல்கலைக்கழக ஆய்வில் இன்னொரு செய்தி இருக்கிறது. பொதுவான உடல்நலத்தில் பிள்ளைகள் நன்றாகவே இருந்தார்கள். ஆனால் குடும்பத்தின் மீது சமூகம் காட்டும் வெறுப்பு கூடக்கூட அவர்களுடைய நலன் குறைந்தது. பிள்ளையின் மனதைக் கெடுப்பது வீட்டுக்குள் இருக்கும் இரண்டு தாய்மார் அல்ல. அந்த வீட்டைக் குடும்பமே அல்ல என்று வெளியே சொல்பவர்கள். அப்படிச் சொல்பவர்களில் முதல் இடத்தில் சட்டம் இருந்தால், பக்கத்து வீட்டாரைக் குறைசொல்லிப் பயனில்லை.

இந்தியச் சட்டத்தில் இந்தப் பிள்ளைகளின் நிலை என்ன?

2023 அக்டோபர் 17 அன்று சுப்ரியோ வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு, திருமணம் செய்துகொள்வது அடிப்படை உரிமை அல்ல என்றும், தன்பாலினத் திருமணத்தை அனுமதிப்பது சட்டமன்றங்களின் வேலை என்றும் கூறியது. 2025 ஜனவரியில் மறுஆய்வு மனுக்களும் தள்ளுபடியாயின. தத்தெடுப்பைப் பற்றி அமர்வு மூன்றுக்கு இரண்டாகப் பிரிந்தது. இரண்டு ஆண்டுகள் நிலையான மணவாழ்க்கை இருந்தால்தான் தம்பதியாகத் தத்தெடுக்கலாம் என்கிறது 2022ஆம் ஆண்டுத் தத்தெடுப்பு ஒழுங்குமுறை. மணமாகாத தம்பதியரை இப்படி விலக்குவது செல்லாது என்றார்கள் தலைமை நீதிபதி சந்திரசூட்டும் நீதிபதி கவுலும்; மற்ற மூவர் ஏற்கவில்லை.

ஆகவே இன்றைய நிலை இது. தனிநபராக ஒருவர் தத்தெடுக்கலாம். தனி ஆண் பெண் குழந்தையைத் தத்தெடுக்க முடியாது. 2021ஆம் ஆண்டுக் கருத்தரிப்புத் தொழில்நுட்பச் சட்டப்படி 21 வயது கடந்த பெண் தனியாகவே சிகிச்சை பெறலாம். வாடகைத்தாய்ச் சட்டமோ மணமான தம்பதியருக்கும், குறிப்பிட்ட வயதிலுள்ள கைம்பெண்களுக்கும் விவாகரத்தான பெண்களுக்கும் மட்டுமே இடம் தருகிறது. எந்த வழியில் வந்தாலும் பிள்ளைக்குச் சட்டத்தில் ஒரே பெற்றோர்தான். கூடவே இருந்து வளர்ப்பவர் யாரும் அல்ல. அதாவது, இப்படிப்பட்ட குடும்பங்கள் உருவாவதைச் சட்டம் தடுக்கவில்லை. உருவான பிறகு பிள்ளையைப் பாதி பாதுகாப்போடு விட்டுவிடுகிறது.

திருமணம் மட்டுமே குடும்பம் அமைக்கும் வழி அல்ல என்று 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் கூறியது மனதுக்கு இதமான செய்தி. ஆனால் அது வயது வந்த ஒரு பெண்ணின் சுதந்திரத்தைப் பற்றிய வழக்கு. பெற்றோர் நிலையை அது தொடவில்லை.

பெற்றோரின் உறவைச் சட்டம் ஏற்காதபோது பிள்ளைக்கு மட்டும் எப்படி உரிமை தரமுடியும்?

ஏற்கெனவே தந்திருக்கிறோம். மணமாகாத தாய்க்குப் பிறந்த பிள்ளையை முறைகேடாகப் பிறந்ததாக முத்திரை குத்தி, சொத்தையும் பெயரையும் மறுத்த காலம் மிகப் பழையது அல்ல. பெல்ஜியத்தில் 1970களில்கூட, பவுலா மார்க்ஸ் என்ற மணமாகாத தாய் தான் பெற்ற மகளைத் தானே தத்தெடுத்தால்தான் அவளுக்கு முழு வாரிசுரிமை தரமுடியும் என்ற நிலை இருந்தது. 1979இல் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் அதைத் தகர்த்தது. இந்தியாவில் இந்துத் திருமணச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, செல்லாத திருமணத்தில் பிறந்த பிள்ளையையும் முறையான பிள்ளையாகவே ஏற்கிறது. பெற்றோரின் உறவைச் சட்டம் ஏற்காவிட்டாலும் அதில் பிறந்த பிள்ளையைத் தனியாகத்தான் பார்க்க வேண்டும் என்று 2011இல் ரேவணசித்தப்பா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. பெற்றோரின் நிலையைக் காரணமாக வைத்துப் பிள்ளைக்குப் பாகுபாடு காட்டக் கூடாது என்று ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 2ஆம் பிரிவும் கூறுகிறது.

தென்னாப்பிரிக்கா இந்த வரிசையில்தான் நடந்தது. தன்பாலினத் தம்பதியர் சேர்ந்து தத்தெடுப்பதை அங்கே அரசியலமைப்பு நீதிமன்றம் 2002இலேயே அனுமதித்தது. திருமணம் வந்தது 2006இல். பெரியவர்களின் விவாதம் முடியட்டும் என்று பிள்ளைகளைக் காத்திருக்கச் சொல்ல வேண்டியதில்லை என்பதற்கு அது சான்று.

சட்டம் மாறும்வரை ஒரு குடும்பம் என்ன செய்துகொள்ளலாம்?

வாழும் இடத்தின் சட்டம் தெரிந்த வழக்கறிஞரைப் பிள்ளை பிறப்பதற்கு முன்பே பார்ப்பது எல்லாவற்றிலும் முக்கியம். இருவரும் சேர்ந்து பெற்றோராக இருக்கப்போகிறோம் என்பதைக் கருத்தரிப்புக்கு முன்பே எழுத்தில் வைத்துக்கொள்வதும், மருத்துவமனையின் சம்மதப் படிவங்களில் இருவரும் கையெழுத்திட்டு அவற்றின் நகலைப் பாதுகாப்பதும் பிற்பாடு நீதிமன்றத்தில் பேசும். இருவரும் உயில் எழுத வேண்டும். சட்டபூர்வப் பெற்றோர் தன் உயிலில் துணைவரைக் காப்பாளராக நியமிக்கவும், மற்றவர் தன் சொத்தையும் காப்பீட்டையும் பிள்ளையின் பெயருக்கு எழுதிவைக்கவும் வேண்டும். வாரிசுச் சட்டம் தராததை உயில்தான் தரமுடியும். மருத்துவச் சம்மதத்துக்கும் பள்ளியிலிருந்து அழைத்து வருவதற்குமான அதிகாரக் கடிதங்களைக் கையெழுத்திட்டு, பள்ளியிலும் குழந்தைநல மருத்துவரிடமும் முன்கூட்டியே கொடுத்துவைக்கலாம். பயணம் போகும்போது பிறப்புச் சான்றிதழ், தத்தெடுப்பு ஆணை, பயணச் சம்மதக் கடிதம் ஆகியவற்றின் சான்றளிக்கப்பட்ட நகல்கள் கையோடு இருக்கட்டும்.

இந்தப் பத்திரங்களில் எதுவும் தத்தெடுப்பு ஆணைக்கோ பெற்றோர் நிலையை உறுதிசெய்யும் நீதிமன்ற ஆணைக்கோ ஈடாகாது. அதிகாரக் கடிதத்தைக் கொடுத்தவரே திரும்பப் பெறலாம். உயிலை மாற்றி எழுதலாம். அந்த ஆணை கிடைக்கும் நாட்டில் இருப்பவர்கள், மணமானவர்களே ஆனாலும், பிள்ளை பிறந்த முதல் ஆண்டுக்குள் அதைப் பெற்றுவிடுவது நல்லது.